அழித்தெழுதிய பட்டம்

நிறைமதி தாவரவியலில் முதுகலைப் பட்டம் வாங்கிய அன்று கல்லூரி முதல்வர் மரியசெல்வம் மேடையில் அவள் கையைப் பிடித்துக் குலுக்கி, "நல்லா வருவம்மா" என்றார். அவள் தென்காசிக்கு வந்தாள். ஜவுளிக்கடை ஒன்றில் சுடிதார் பிரிவில் நிற்கும் வேலைதான் கிடைத்தது. அவளோடு அங்கே நின்றவர்களில் ஒருத்தி இயற்பியல், ஒருத்தி வணிகவியல், ஒருத்தி மின்னணுப் பொறியியல். கூட்டம் இல்லாத மதிய வேளைகளில் அவர்கள் படித்ததைப் பற்றிப் பேசிக்கொள்வதில்லை. கால் வலியைப் பற்றிப் பேசுவார்கள்.

வீடு வாகைப்பட்டியில். அம்மா இறந்து பல வருடங்கள் ஆகியிருந்தன. அப்பா பெருமாள் மினி பஸ் ஓட்டிக்கொண்டிருந்து, கண் பார்வை மங்கியதால் நின்றுவிட்டவர். தங்கை தேன்மொழி பொருளாதாரம் படித்துவிட்டு வீட்டில் இருந்தாள். அவளைப் பெண் பார்க்க வருகிறவர்கள், "பெரிய பிள்ளை என்ன செய்யுது?" என்று கேட்டால் அப்பா, "எம்.எஸ்ஸி. முடிச்சிருக்கா" என்பார். அவர்கள் கேட்டது அதுவல்ல என்று எல்லோருக்கும் தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் அரசாங்கம் மீள்பட்டத் திட்டத்தைக் கொண்டுவந்தது. வேலை இல்லாத பட்டதாரி ஒருவர்கூட இருக்கக் கூடாது என்பது அதன் நோக்கம். நிறைமதி பதிந்தாள். அதன் நெல்லை மையத்தில் அவள் எதிரே வந்து உட்கார்ந்தவர் பழைய முதல்வர் மரியசெல்வமேதான். கல்லூரியை விட்டுவிட்டு இதில் சேர்ந்திருந்தார்.

"பெரணிச் செடியைப் பத்தி ஆராய்ச்சி பண்ணின பிள்ளைதான நீ?"

"ஆமா சார்."

"இப்ப என்ன செய்யுத?"

"ஜவுளிக்கடையில நிக்கேன் சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "வருஷா வருஷம் மேடையில நின்னு பட்டம் கொடுத்தேம்மா. அப்புறம் எங்க போனாலும் என் பிள்ளைகதான். பார்சல் கொண்டு வாரவன், டோல்கேட்ல நிக்குதவன், எல்லாரும் 'சார்'னு எந்திரிச்சு நிப்பாங்க. திட்டியிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன். அந்த மரியாதையைத்தான் தாங்க முடியல."

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

"நாங்க செஞ்ச தப்பு என்ன தெரியுமா? நாலு வருஷம் கழிச்சு என்ன வேலை இருக்கும்னு யாருக்கும் தெரியாது. தெரியாமலே ஆயிரம் ஆயிரமாச் சேத்துக்கிட்டோம். இப்ப அதைத் திருப்பிப் போட்டாச்சு. முதல்ல வேலை, அப்புறம் படிப்பு. எந்தத் தாலுகாவுல எந்த வேலைக்கு எத்தனை பேர் வேணும்னு கணிப்பான்னு ஒரு கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுச் சொல்லும். அந்த வேலையை உன் மூளையில நாங்க எழுதிருவோம். சில வாரம் போதும்."

"எழுதுததுன்னா?"

"சைக்கிள் ஓட்டத் தெரியும்ல உனக்கு? அது எங்க இருக்கு? புத்தகத்துல இல்ல. உன் உடம்புல இருக்கு. அந்த இடத்துல எழுதுவோம். எழுந்திரிச்சா கைக்குத் தெரியும். நீ யோசிக்கவே வேண்டாம்." அவர் கொஞ்சம் நிறுத்தினார். "ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கோ. ஒரு சமயத்துல ஒரு எழுத்துதான் நிக்கும். வேற வேலைக்கு மாறணும்னா முந்தினதை அழிச்சிட்டுத்தான் எழுத முடியும். ரெண்டையும் வச்சிருந்து பாத்தோம். வலிப்பு வந்திட்டு."

நிறைமதி அந்தக் கடைசிப் பேச்சைக் காதில் வாங்கினாள், மனதில் வாங்கவில்லை. வேலை என்ற ஒரு சொல்தான் அவளுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

பிறந்த குழந்தைகளைப் பார்க்கும் நர்ஸ் வேலை அவளுக்கு வந்தது. தலையில் கவசம் போன்ற ஒன்றை மாட்டிக்கொண்டு தினமும் தூங்கினாள். தூங்கி எழும்போதெல்லாம் விரல் நுனிகள் குறுகுறுத்தன. கடைசி நாளில் ஒரு ரப்பர்க் குழந்தையை அவள் முன்னால் வைத்தார்கள். அவள் அதைத் தூக்கிய விதத்தைப் பார்த்து அவளுக்கே அழுகை வந்தது. வாழ்நாள் முழுக்க அதைச் செய்துகொண்டிருந்தவளைப் போலத் தூக்கினாள்.

வாகைப்பட்டிக்கு அடுத்த ஊரில் இருந்த ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். அந்த நாட்களைப் போல அவள் வாழ்க்கையில் வேறு நாட்கள் இல்லை. நீலம் பாரித்து வந்த குழந்தைகள் அவள் கைக்குள் சிவந்தன. மூச்சுக்குத் திணறியவை அழுதன. வெளியே நின்ற தகப்பன்கள் அவள் முகத்தைப் பார்த்தே விஷயத்தைத் தெரிந்துகொள்வார்கள். சந்தையில் பெண்கள் பிள்ளையைத் தூக்கிக் காட்டி, "இது நீங்க காப்பாத்துன உசுரு" என்பார்கள். தேன்மொழிக்கு மதுரையில் நயினார் என்ற நல்ல பையன் அமைந்தான். கல்யாணப் பந்தலில் அப்பா, "என் பெரிய மக நர்ஸு" என்று கேட்காதவர்களிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

தேன்மொழியும் மீள்பட்டத்துக்குப் பதிந்து வைத்திருந்தாள். அவளுக்கான வேலை இன்னும் வரவில்லை.

தேன்மொழி உண்டாகியிருந்த வருடத்தில் கணிப்பான் மாறிச் சொன்னது. அந்தத் தாலுகாவில் பிறப்பு குறைந்துகொண்டே வருகிறது. பெரிய ஆஸ்பத்திரி ஒன்று நெல்லையில் விரிவாகிறது. ஆகவே இங்கே இந்த வேலைக்கு ஆள் வேண்டாம். கயத்தாறு பக்கம் காற்றாலைகளைப் பழுது பார்க்க ஆள் போதவில்லை. நிறைமதி அதற்கு மாற வேண்டும்.

அவள் மரியசெல்வத்திடம் போனாள்.

"மாட்டேன்னா என்ன சார் ஆகும்?"

"திட்டத்தை விட்டு எடுத்துருவாங்க. இங்க நர்ஸ் இடம் இல்ல. வேற எங்கயும் உனக்கு இடம் தர மாட்டாங்க. மறுபடியும் ஜவுளிக்கடைதாம்மா."

"இதை அழிக்காம அப்படியே விட்டுட்டு வீட்டுல இருந்தா?"

"இருக்கலாம். ஆனா உனக்குச் சோறு யாரு போடுவா?" அவர் குரலில் கடுமை இல்லை. களைப்புதான் இருந்தது. "எனக்கும் மனசில்ல. ஆனா பாரு, மாவட்டத்துல இன்னைக்கு வேலை இல்லாத பட்டதாரி விரல் விட்டு எண்ணுத அளவுலதான் இருக்காங்க. இதுக்கு முன்னால எத்தனை பிள்ளைக எப்படிக் கிடந்துச்சுன்னு உனக்கே தெரியும்."

"அழிச்ச பிறகு எனக்கு எதுவுமே ஞாபகம் இருக்காதா?"

"நீ செஞ்சதெல்லாம் ஞாபகம் இருக்கும். எப்படிச் செஞ்சேங்கிறது இருக்காது."

வீட்டுக்கு வந்து தேன்மொழிக்குப் போன் செய்தாள். தேன்மொழி யோசிக்கவே இல்லை. "மாறிக்கோக்கா. வேலை வேலைதான். நீ கடையில நின்ன காலத்துல அப்பா மூஞ்சியைப் பாத்தது நான்தான். மறுபடி அதைப் பாக்க முடியாது."

நிறைமதி மாறிக்கொண்டாள்.

காற்றாலை வேலை கெட்ட வேலை இல்லை. உயரத்தில் நின்று மேற்கே மலையைப் பார்க்கலாம். கைகள் இப்போது திருகாணிகளையும் மின்கம்பிகளையும் அறிந்திருந்தன. ஒரு நாள் சந்தையில் ஒரு பெண் தன் கைப்பிள்ளையை அவளிடம் நீட்டினாள். நிறைமதி வாங்கினாள். தலை தொங்கிவிடுமோ என்று பயமாக இருந்தது. அந்தப் பெண்ணும் அவளை வினோதமாகப் பார்த்துவிட்டு, சீக்கிரமே பிள்ளையைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

ஐப்பசியில் தேன்மொழியைத் தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்குக் கூட்டி வந்தார்கள். நாள் இன்னும் இருந்தது. நயினார் கொண்டுவந்து விட்டுவிட்டு மதுரைக்குத் திரும்பினான். அந்த வாரம் மழை விடவே இல்லை. ஆற்றில் வெள்ளம் வந்து ஊருக்கு வெளியே இருந்த தரைப்பாலம் மூழ்கியது.

மறுநாள் முற்பகலில் தேன்மொழிக்கு வலி கண்டது.

"அக்கா, இது சும்மா வலி இல்லக்கா" என்றாள், கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு.

ஆம்புலன்சுக்குச் சொன்னார்கள். அது வந்து பாலத்துக்கு அந்தப் பக்கம் நின்றது. அப்பா குடையை எடுக்காமலே ஓடினார், எப்படியாவது அவர்களைக் கயிறு கட்டியாவது இந்தப் பக்கம் கொண்டுவர வேண்டும் என்று. அதற்குள் செல்போன் கோபுரம் செத்துப்போனது. அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து நின்றார்கள். ஆனால் அந்தத் தெருவில் வீட்டில் பிள்ளை பெற்றவர்கள் யாரும் இப்போது உயிரோடு இல்லை. ஒருத்தி வெந்நீர் வைத்தாள். இன்னொருத்தி சாமி படத்தின் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டாள்.

குழந்தை மிகச் சீக்கிரம் வந்தது. பெண் குழந்தை. மிகச் சிறியது. அழவில்லை.

"அக்கா, ஏன் அழல?"

நிறைமதி அதைக் கையில் வைத்திருந்தாள். இதே போன்ற குழந்தைகளைத் தான் எத்தனையோ முறை கையில் வாங்கியிருப்பது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. அந்த அறை நினைவிருந்தது. விளக்கின் சூடு நினைவிருந்தது. தன் கைகள் வேகமாக ஏதோ செய்ததும், உடனே அழுகை கேட்டதும் நினைவிருந்தன. நடுவில் அந்தக் கைகள் என்ன செய்தன என்பது மட்டும் இல்லை. அந்த இடம் துடைத்துவிட்ட பலகையாக இருந்தது.

"அக்கா, நீ நர்ஸுதானக்கா! ஏதாவது செய்யேன்!"

அவள் முதுகைத் தேய்த்தாள். காலைத் தட்டினாள். எங்கோ முதலுதவிப் படத்தில் பார்த்தது ஞாபகம் வந்து, குழந்தையைப் படுக்கவைத்துத் தலையை நன்றாகப் பின்னால் சாய்த்து வாயில் ஊதினாள். நெஞ்சு எழும்பவில்லை. இன்னும் பின்னால் சாய்த்து ஊதினாள். "வா கண்ணு, வா கண்ணு" என்று சொல்லிக்கொண்டே ஊதினாள். குழந்தையின் நெஞ்சில் விரலை வைத்தபோது உள்ளே ஏதோ துடித்தது. பிறகு மெதுவாகத் துடித்தது. அவள் விரலை எடுக்காமல் இருந்தாள், துடிப்பு இல்லாமல் போன பிறகும்.

அப்பா ஆம்புலன்ஸ் ஆட்களோடு நனைந்து வந்து வாசலில் நின்றபோது தேன்மொழி குழந்தையை மார்போடு வைத்திருந்தாள். யாரும் அதை வாங்க முயலவில்லை.

தேன்மொழி அக்காவைக் குறை சொல்லவில்லை. "நீ என்ன செய்வ, நான்தான மாறிக்கோன்னு சொன்னேன்" என்று ஒரே ஒரு முறை சொன்னாள். நயினார் வந்து அவளை மதுரைக்குக் கூட்டிப்போனான். ஆட்டோவில் ஏறும்போது திரும்பி, "அக்கா, காப்பாத்தியிருக்க முடியுமா?" என்று கேட்டாள்.

"எனக்குத் தெரியல தேனு. சத்தியமா எனக்குத் தெரியல."

அது உண்மை. அதைவிடக் கொடிய உண்மை நிறைமதிக்கு வாய்த்ததில்லை.

மழைக்காலம் முடிந்தபோது மரியசெல்வம் வாகைப்பட்டிக்கு வந்தார். சொல்லி அனுப்பியிருக்கலாம். அவரே பஸ் ஏறி வந்திருந்தார். அப்பா அவரை உட்காரச் சொல்லவில்லை. அவர் நின்றுகொண்டே பேசினார்.

"கணிப்பான் தன் கணக்கைத் திருத்திக்கிட்டுதும்மா. இந்தத் தாலுகா ஆஸ்பத்திரிக்குப் பிறந்த குழந்தையைப் பாக்க ரெண்டு நர்ஸ் வேணும்னு சொல்லுது. உன் மூளை இந்த எழுத்தை ஏற்கெனவே ஏத்துக்கிட்டது. அதனால ஒரு இடம் உனக்குத்தான்."

அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டார்: "என் பேத்தி செத்தாத்தான் அதுக்குத் தெரியுமோ?"

மரியசெல்வம் அவர் அருகே போனார். "அதுக்கு நடந்து முடிஞ்சதுதாங்க தெரியும். ஒரு சாவு விழுந்தா அதைத் தேவைன்னு எடுத்துக்கிடும். நான்தான் அதுக்கு அப்படிச் சொல்லிக் கொடுக்குத குழுவுல இருந்தேன். வேலை இல்லாதவங்களை எண்ணத் தெரிஞ்சது எங்களுக்கு. வேண்டாம்னு அனுப்பிட்டவங்களை எண்ணத் தோணல."

பிறகு நிறைமதியிடம் திரும்பினார். "நீ வேண்டாம்னு சொல்லலாம்மா. உனக்கு உடல்நலம் சரியில்லன்னு நான் எழுதிக் கொடுத்துருதேன். காத்தாலை வேலை போகாது."

"மறுபடி எழுதினா, அன்னைக்கு நான் என்ன செஞ்சிருக்கணும்னு தெரிஞ்சிருமா சார்?"

"தெரிஞ்சிரும்."

"ஒண்ணும் செஞ்சிருக்க முடியாதுன்னும் தெரியலாம்ல?"

"அப்படியும் இருக்கலாம்" என்றார் அவர். அவள் கண்ணைப் பார்க்கவில்லை.

அப்பா வேண்டாம் என்றார். தெரியாமல் இருப்பதும் ஒரு நிம்மதிதான், அதையும் ஏன் கெடுத்துக்கொள்கிறாய் என்று கெஞ்சினார். நிறைமதிக்கு அதில் நிம்மதி இல்லை. சாப்பிடும்போதும், காற்றாலைக் கோபுரத்தின்மேல் நிற்கும்போதும் அவள் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். தவிர, இன்னொரு மழைக்காலம் வரும். இன்னொரு வீட்டில் இன்னொருத்திக்கு வலி எடுக்கும். அவள் சரி என்றாள்.

நெல்லை மையத்தில் கடைசிநாள் கண் விழித்தபோது கவசத்தைக் கழற்றும் பெண், "எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

தெரிந்துவிட்டது. தேடவே வேண்டியிருக்கவில்லை. தன் பெயரைப் போல அது அங்கே இருந்தது.

பெரியவர்களுக்குத் தலையைப் பின்னால் சாய்ப்பார்கள். பிறந்த குழந்தைக்கு அப்படிச் சாய்த்தால் மூச்சுக்குழல் மடங்கி அடைத்துக்கொள்ளும். தோளுக்கு அடியில் ஒரு துணியை மடித்து வைத்துத் தலையை நேராக்க வேண்டும். குழந்தையின் மூக்கையும் வாயையும் சேர்த்து வாயால் மூடி, கன்னத்தில் அடங்கும் காற்றை மட்டும் மெல்ல ஊத வேண்டும். அவ்வளவுதான். மருந்து வேண்டாம். கருவி வேண்டாம். தேன்மொழி படுத்திருந்த கட்டிலின் தலைமாட்டிலேயே துவைத்து மடித்த துணிகள் ஓர் அடுக்கு இருந்தன. குழந்தையின் நெஞ்சு அவள் விரலுக்கு அடியில் துடித்துக்கொண்டுதான் இருந்தது. அவள் ஊதிய காற்று உள்ளே போகவில்லை. அவளே வழியை அடைத்துவிட்டு ஊதியிருக்கிறாள்.

அவள் கழிப்பறைக்குப் போய் கதவைத் தாழிட்டுக்கொண்டு, சத்தம் வெளியே கேட்காமல் இருக்க முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

வேலையில் சேர்வதற்கு முன் மதுரைக்குப் போனாள். போகாமல் இருக்க முடியவில்லை. நயினார் வெளியே போயிருந்தான். தேன்மொழி தோசை ஊற்றினாள். இளைத்திருந்தாள். தட்டை முன்னால் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"மறுபடி எழுதிக்கிட்டியாமே. அப்பா சொன்னாரு."

"ஆமா."

"அப்ப இப்பத் தெரியும்ல?"

"தெரியும்."

"காப்பாத்தியிருக்க முடியுமாக்கா?"

நிறைமதி தோசையைப் பிய்த்தாள். வழியெல்லாம் இந்தக் கேள்விக்குத்தான் தயாராகிக்கொண்டு வந்திருந்தாள். பஸ் ஏறும்போது உண்மையைச் சொல்லிவிடுவது என்று நினைத்தாள். காலில் விழுந்து சொல்லி அழுதால் நெஞ்சு கொஞ்சம் இறங்கும் என்று நினைத்தாள்.

"முடியாது தேனு" என்றாள். "நாள் ஆகாத பிள்ளை. நுரையீரலே சரியா விரியல. ஆஸ்பத்திரியிலயே இருந்திருந்தாலும் முடிஞ்சிருக்காது. யாராலயும் ஒண்ணும் செஞ்சிருக்க முடியாது."

தேன்மொழி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து போய், "இன்னொரு தோசை வைக்கேன்" என்றாள்.

ஆஸ்பத்திரியில் நிறைமதி சேர்ந்த அன்று இரண்டாவது ஆள் வந்திருக்கவில்லை. மதுரை மையத்திலிருந்து ஒரு பிள்ளை வரும் என்று தலைமை நர்ஸ் சொன்னார். அடுத்த திங்கட்கிழமை காலையில் செங்கல் சூளையில் வேலை செய்யும் ஒரு பெண்ணுக்குக் குழந்தை பிறந்தது. மூச்சு இல்லை. நிறைமதி அதை வாங்கி விளக்குக்கு அடியில் கிடத்தித் துடைத்துக்கொண்டிருந்தாள். பின்னால் கதவு திறந்து யாரோ வேகமாக வந்தார்கள். நீலச் சீருடை அணிந்த கை ஒன்று குறுக்கே நீண்டது. அது ஒரு துணியை மடித்தது. குழந்தையின் தோளுக்கு அடியில் நுழைத்துத் தலையை நேராக்கியது.

நிறைமதி நிமிர்ந்து பார்த்தாள். தேன்மொழி நின்றிருந்தாள்.

அப்போது பேச நேரமில்லை. ஒருத்தி காற்றைச் செலுத்தினாள், ஒருத்தி துடிப்பை எண்ணினாள். சின்ன நெஞ்சு எழும்பித் தாழ்ந்தது. மறுபடி எழும்பியது. கால் விரல்கள் அசைந்தன. பின் அந்தக் குழந்தை கோபமாக அழுதது. அதைத் துணியில் சுற்றித் தாயிடம் கொடுத்தார்கள். அந்தப் பெண் இருவரையும் பார்த்துக் கும்பிட்டாள்.

வெளியே தாழ்வாரத்தில் நிறைமதி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எப்ப எழுதிக்கிட்ட?"

"நீ மதுரைக்கு வந்தேல்ல, அதுக்கு முந்தின வாரமே முடிஞ்சிட்டு."

"அப்ப நான் வந்தப்பவே உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"தெரிஞ்சுக்கிட்டே ஏன் என்கிட்டக் கேட்ட?"

தேன்மொழி தன் கைகளைப் பார்த்தாள். "நீ என்ன சொல்லுவன்னு பாக்கணும்னு இருந்துச்சு. இந்த ஆஸ்பத்திரியில இடம்னு சொன்னப்ப வேண்டாம்னு எழுதிக் கொடுத்துரலாம்னுதான் இருந்தேன். உன் பக்கத்துல நின்னு இந்த வேலையைச் செய்ய என்னால முடியும்னு தோணல."

"நான் பொய் சொன்னேன் தேனு."

"ஆமா. உண்மையைச் சொல்லியிருந்தா உன் மூஞ்சியில முழிச்சிருக்க மாட்டேன்க்கா. நீ அதைத் தனியாச் சுமக்கப் பாத்தேல்ல. அதான் வந்தேன்."

நிறைமதி அழவில்லை. அழுகை எல்லாம் முடிந்த இடத்தில் இருந்தாள். உள்ளே செங்கல் சூளைப் பெண்ணின் குழந்தை இன்னும் அழுதுகொண்டிருந்தது. தேன்மொழி அதைக் கொஞ்சநேரம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அது அழ ஆரம்பிச்சப்ப எனக்குச் சந்தோஷமே வரலக்கா. கோவந்தான் வந்துச்சு. எவ்வளவு லேசா அழுதுட்டுது பாரு."

"எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு."

"போகப் போகச் சரியாயிருமா?"

நிறைமதி இந்த முறை அவள் முகத்தைப் பார்த்தே சொன்னாள். "தெரியல தேனு."

உள்ளேயிருந்து தலைமை நர்ஸ் கூப்பிட்டார். அடுத்தவளைப் பிரசவ அறைக்குக் கொண்டுவந்திருந்தார்கள். தேன்மொழி முதலில் போனாள்.